லேன் கேபிளுக்கு எந்த நிறம்: நான்கு வழிகளும் அவற்றின் மறைமுகச் செலவும்

புது வீட்டில் பூச்சு வேலைக்கு முன்பே லேன் கேபிள் இழுத்துவிடலாம் என்று கடைக்குப் போனால், கேட் 5இயா கேட் 6ஆ என்ற கேள்விக்கு அடுத்து வருவது "எந்த கலர் வேணும்?" என்பதுதான். பலரும் தடுமாறுவது இங்கேதான். சாம்பலும் நீலமும் உடனே கிடைக்கும். மஞ்சளோ சிவப்போ முழுப் பெட்டியாக வேண்டுமென்றால் பெரும்பாலும் சொல்லி வைக்க வேண்டும். நீலம் வேகமானதா, மஞ்சள் பழைய ரகமா, சிவப்பு கேமராவுக்கு மட்டுமா என்று வாசகர்கள் கேட்கிறார்கள். பத்துப் பதினைந்து கணினிகளோடு சிறு அலுவலகம் நடத்துபவர்களின் கேள்வி இன்னும் ஒரு படி மேலே போகிறது: எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் முடித்துவிடலாமா, வேலைக்கு ஒரு நிறம் என்று பிரிக்கலாமா?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேன் கேபிளின் மேலுறை நிறத்துக்கும் வேகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கேட் 6 என்றால் நீலம், கேட் 5இ என்றால் சாம்பல் என்று எந்தத் தரநிலையும் விதிக்கவில்லை. ஒரு நிறுவனம் கேட் 6ஐ நீலத்தில் விற்கும், இன்னொன்று சாம்பலில் விற்கும், இரண்டு ரகத்தையும் ஒரே நிறத்தில் விற்பவர்களும் உண்டு. அதற்காக நிறம் வீண் என்று சொல்ல மாட்டேன். நெட் நின்றுபோன நேரத்தில், நெட்வொர்க் பெட்டிகளை அடுக்கி வைக்கும் ரேக்கின் முன் நிற்பவருக்கு எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒரு பார்வையில் காட்டுவது நிறம்தான். ஆனால் எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்பதை உங்கள் கட்டடத்துக்குள் நீங்கள்தான் கொடுக்க வேண்டும், கொடுத்ததைக் காப்பாற்றவும் வேண்டும். ஆகவே எத்தனை நிறங்களை உங்களால் வருடக்கணக்கில் காப்பாற்ற முடியும் என்று பார்த்துத்தான் நான் முடிவு செய்யச் சொல்வேன்.

## நிறத்துக்கு முன் உறையில் உள்ள எழுத்தைப் படியுங்கள்

கேபிளைக் கையில் எடுத்ததும் உறைமேல் அச்சடித்திருக்கும் பொடி எழுத்தைத் தேடுங்கள். ரகம், எத்தனை இணைக் கம்பிகள், கம்பியின் கனம் 23 ஏடபிள்யூஜியா 24ஆ, ஷீல்டு (குறுக்கீட்டைத் தடுக்கும் உலோக உறை) உண்டா இல்லையா எல்லாம் அதில் இருக்கும். நல்ல கேபிளில் மீட்டருக்கு மீட்டர் ஓர் எண்ணும் ஓடிக்கொண்டே வரும். 305 மீட்டர் பெட்டியில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதை அந்த எண்ணை வைத்தே சொல்லிவிடலாம். சுவருக்குள் போய் மறைந்த கேபிளின் இரு முனைகளிலும் உள்ள எண்களைக் கழித்தால் அதன் நீளமும் கிடைத்துவிடும்.

ரகத்தைப் பொறுத்தவரை, கேட் 5இ ஒரு ஜிகாபிட் வேகத்தை 100 மீட்டர் தூரம் கொண்டுபோகும். கேட் 6 அதையே செய்வதோடு, 10 ஜிகாபிட் வேகத்தை 55 மீட்டர் வரை தாங்கும். கேட் 6ஏ அந்த 10 ஜிகாபிட்டை முழு 100 மீட்டருக்கும் தாங்கும். வீட்டுக்குக் கேட் 6 போதும்.

அடுத்து நான் பார்ப்பது கம்பியின் உலோகம். மலிவுக் கேபிள் பலவற்றில் உள்ளே இருப்பது தாமிர முலாம் பூசிய அலுமினியம். சிசிஏ என்று சொல்வார்கள். ஒரு கம்பியை உரித்து பிளேடால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். சுத்தத் தாமிரமாக இருந்தால் எவ்வளவு சுரண்டினாலும் செம்பு நிறம்தான். பெட்டியைத் தூக்கினாலே எடை குறைவு தெரியும். அலுமினியத்துக்கு மின்தடை அதிகம், இரண்டு மூன்று முறை வளைத்தால் ஒடியும், லேன் கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரம் கொடுக்கும் பிஓஇ முறையில் சூடும் மின்னழுத்த இழப்பும் கூடும். டிஐஏ என்ற அமெரிக்க அமைப்பின் தரநிலை இதை ஏற்பதில்லை. ஊதா, பச்சை, ஆரஞ்சு என்று கண்ணைக் கவரும் மலிவு பேட்ச் கார்டுகளை (இரு முனையிலும் கனெக்டரோடு வரும் குட்டிக் கேபிள்கள்) வாங்கும்போது இதைக் கட்டாயம் பாருங்கள். நிறத்துக்கு ஒதுக்கும் பணம் தாமிரத்திலிருந்து எடுத்த பணமாக இருக்கக் கூடாது.

நிறத்துக்கு உண்மையிலேயே பொருள் உள்ள சில இடங்களும் உண்டு. மொட்டைமாடிக்கும் வெளிச்சுவருக்கும் விற்கும் கேபிள் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் அதன் பாலிஎத்திலீன் உறையில் கலந்துள்ள கார்பன் பொடி. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவது அதுதான். சாதாரண சாம்பல் பிவிசி கேபிளை மாடியில் ஓடவிட்டால் நம் ஊர் வெயிலுக்கு உறை வெளுத்து, விறைத்து, வெடித்துவிடும். ஆனால் கறுப்பாக இருப்பதெல்லாம் வெளிப்புறக் கேபிள் இல்லை, கறுப்பு பிவிசி பேட்ச் கார்டும் விற்கிறது. கண்ணாடி இழையான ஃபைபரில் நிறம் தரநிலைப்படியே வருகிறது: ஒற்றைமுறை (சிங்கிள் மோட்) ஃபைபர் மஞ்சள், பழைய பன்முறை (மல்டி மோட்) ஃபைபர் ஆரஞ்சு, புதியது வெளிர் நீலப்பச்சை. ஃபைபரின் முனையில் பச்சைக் கனெக்டர் என்றால் சாய்வாகத் தேய்த்தது, நீலம் என்றால் நேராகத் தேய்த்தது. ஒன்றை மற்றொன்றோடு சேர்க்கக் கூடாது. தொழிற்சாலைகளில் இயந்திரங்களை இணைக்கும் பிராஃபிநெட் கேபிளுக்குப் பச்சை உறை. சிஸ்கோ கருவிகளோடு வரும் தட்டையான வெளிர்நீல வயர், கருவியை அமைப்பதற்கான கன்சோல் கேபிள், அது நெட்வொர்க் இணைப்புக்கு உதவாது.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். முதலாவது, வயரிங் செய்தவர் ஊரில் இல்லாதபோது புதிதாக வரும் ஆள் கேபிளைக் கண்டுபிடிக்க முடியுமா? இரண்டாவது, இருப்பு. மாற்றுக் கேபிள் அதே நிறத்தில், அதே நீளத்தில் கையில் இருக்குமா? மூன்றாவது, காலப்போக்கில் ஏற்பாடு பொய்யாகிவிடுமா? நான்காவது, மேசைக்கடியில் மொபைல் டார்ச் வெளிச்சத்தில், தூசி படிந்த நிலையில் அடையாளம் தெரியுமா? ஆண்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்பதும் இதில் சேரும். ஐந்தாவது பணம்.

இவற்றில் மூன்றாவதற்குத்தான் அதிக எடை கொடுப்பேன். அடையாளமே இல்லாத கேபிளைப் பார்ப்பவர் சந்தேகத்தோடு தடம் பிடித்துப் பார்ப்பார். தவறான நிறத்தில் இருப்பதை நம்பிப் பிடுங்கிவிடுவார்.

இன்னொன்று. சுவருக்குள் போகும் கேபிளும் ரேக்கில் தொங்கும் பேட்ச் கார்டும் தனித்தனி முடிவுகள். சுவருக்குள் இருப்பதைப் பதினைந்து இருபது வருடம் யாரும் பார்க்கப்போவதில்லை. அதற்கு நிறம் தேர்ந்தெடுப்பதில் நேரம் போக்க வேண்டாம். கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் கண்ணில் படும் பகுதிக்கு.

## வழி 1: எல்லாம் ஒரே நிறம், இரு முனையிலும் லேபிள்

வீடுகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரே நிறத்தில் ஒரு பெட்டி வாங்கி, ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டிவிடுவது. மாடி-2 படுக்கையறை என்றால் 'மா2-ப1' என்று சுவர்ப் பெட்டியிலும் அதுவே, ரேக்கிலும் அதுவே. இருப்புப் பிரச்சினை இல்லை. எந்தக் கேபிளையும் எந்த வேலைக்கும் மாற்றலாம், நிறம் பொய் சொல்லாது.

மறைமுகச் செலவு லேபிளில் இருக்கிறது. வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதி செல்லோ டேப் சுற்றினால் இரண்டு கோடைக்குள் பசை காய்ந்து சுருண்டு விழுந்துவிடும், எழுத்தும் வெளுத்துவிடும். எழுதிய பகுதியைத் தன் மீதே தெளிவான படலத்தால் மூடிச் சுற்றிக்கொள்ளும் கேபிள் லேபிள் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால் எண் வளையங்கள் போதும். கனெக்டரிலிருந்து நாலு விரல் தள்ளி ஒட்ட வேண்டும். கனெக்டரை ஒட்டிப் போட்டால் நெட்வொர்க் சுவிட்சில் (கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி) செருகியபின் பக்கத்துக் கேபிள் மறைத்துவிடும். பின்னாளில் கனெக்டர் பழுதாகி வெட்டிப் போடும்போது லேபிளும் சேர்ந்து போய்விடும்.

அலுவலகத்தில் இதன் குறை தெளிவாகத் தெரியும். 24 போர்ட் சுவிட்சின் முன் 24 நீலக் கேபிள் தொங்கும்போது, குனிந்து ஒவ்வொரு லேபிளாகத் திருப்பிப் படிக்க வேண்டும். இரு முனையும் ஒரே சுவிட்சில் போய்ச் செருகிய கேபிளும் இந்தக் கூட்டத்தில் எளிதில் ஒளிந்துகொள்ளும். மேசையில் சும்மா கிடந்த முனையை, கழன்றுவிட்டது என்று நினைத்து யாரோ பக்கத்து ஜாக்கில் செருகுவார். தகவல் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும் லூப் உருவாகும். தடுப்பு வசதி இல்லாத மலிவு சுவிட்சாக இருந்தால் அலுவலகம் முழுவதும் நெட் நின்றுபோகும், சுவிட்சின் விளக்குகள் எல்லாம் ஒரே வேகத்தில் பைத்தியமாகச் சிமிட்டும். குற்றவாளிக் கேபிளை ஒரே நிறக் கட்டுக்குள் தேடுவது நேரம் பிடிக்கும் வேலை.

## வழி 2: வேலைக்கு ஒரு நிறம்

கணினிக்கு நீலம், கேமராவுக்கு வேறு, வைஃபை பெட்டிக்கு வேறு, வெளியிலிருந்து வரும் இணைய இணைப்புக்கு வேறு. பார்த்த மாத்திரத்தில் ரேக் புரிந்துவிடும். தொலைபேசியில் "ஆரஞ்சு வயரை மட்டும் கழட்டி, பத்து வினாடி கழிச்சு மாட்டுங்கண்ணா" என்று சொன்னால், நெட்வொர்க் பற்றி ஒன்றும் தெரியாதவரும் சரியாகச் செய்வார். இந்த ஒரு வசதிக்காகவே சிறு அலுவலகங்களுக்கு இந்த வழியை நான் விரும்புகிறேன்.

எந்த வேலைக்கு எந்த நிறம் என்பதில் உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட பட்டியல் கிடையாது. ஆனால் சாய்ந்து நிற்க ஓர் இடம் இருக்கிறது. டிஐஏ-606 என்ற அமெரிக்கத் தரநிலை, கேபிள்கள் வந்து முடியும் பலகைகளுக்கும் லேபிள்களுக்கும் நிறம் பரிந்துரைக்கிறது: வெளி நிறுவனத்தின் இணைப்பு வந்து முடியும் இடம் ஆரஞ்சு, வாடிக்கையாளர் பக்க நெட்வொர்க் இணைப்பு பச்சை, சுவிட்ச் போன்ற பொதுக் கருவிகள் ஊதா, மேசைகளுக்குப் போகும் கேபிள் நீலம், அலாரம், பாதுகாப்பு போன்றவை மஞ்சள். அது கேபிளின் உறையைப் பற்றிச் சொன்னதில்லை. இருந்தாலும் புதிதாக ஏற்பாடு செய்கிறவர் ஏதோ ஒன்றிலிருந்து தொடங்கித்தானே ஆக வேண்டும்? இதிலிருந்து தொடங்கினால், பயிற்சி பெற்ற டெக்னீஷியன் யாராவது வரும்போது அவருக்கும் பழகியதாக இருக்கும்.

சில மோதல்களைக் கவனிக்க வேண்டும். ரேக்குக்குள் ஃபைபர் பேட்ச் கார்டும் வருகிறதென்றால் அது பெரும்பாலும் மஞ்சள். மஞ்சள் லேன் கேபிளோடு சேர்த்துக் கட்டி இறுக்கினால் உள்ளே கண்ணாடி இழை வளைந்து சிக்னல் குறையும். ஃபைபர் கார்டு மெலிதாக இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும், லேன் கேபிள் அதைப்போல் இரண்டு மடங்கு. பார்த்தால் தெரியும், ஆனால் அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்? அப்படிப்பட்ட ரேக்கில் கேமராவுக்கு மஞ்சளை விட்டுப் பச்சைக்குப் போங்கள். தீ எச்சரிக்கை வயரிங் பல கட்டடங்களில் சிவப்பு உறையில் வரும். அங்கே ஃபால்ஸ் சீலிங்குக்குள் சிவப்பு லேன் கேபிளை ஓடவிடாதீர்கள். ரவுட்டர் வாங்கும்போது டப்பாவில் வரும் குட்டி மஞ்சள் கேபிளையும் யோசிக்காமல் ரேக்கில் சேர்த்துவிட வேண்டாம். உங்கள் பட்டியலில் மஞ்சள் கேமரா என்றால், அந்தக் குட்டிக் கேபிள் வந்த அன்றே பட்டியல் குழம்பிவிடும்.

முன்பெல்லாம் இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்கும் கிராஸ் கேபிளுக்குத் தனி நிறம் வைப்பார்கள். ஜிகாபிட் கருவிகள் நேர், குறுக்கு இரண்டையும் தாமே கண்டுகொள்வதால் அந்தப் பிரிவினை இப்போது தேவையில்லை.

தனி நிறம் கட்டாயம் வேண்டிய ஓர் இடம் மட்டும் உண்டு. மாடியில் வைக்கும் வயர்லெஸ் ரேடியோக்கள் சிலவற்றோடு 24 வோல்ட் அடாப்டர் ஒன்று வரும். அது எதிர்முனையில் என்ன கருவி இருக்கிறது என்று கேட்காமலே கேபிளுக்குள் மின்சாரத்தை அனுப்பிவிடும். தரநிலைப்படியான பிஓஇ சுவிட்ச் முதலில் எதிர்முனையைச் சோதித்து, மின்சாரம் ஏற்கும் கருவி என்று தெரிந்தபின்தான் தரும். அதில் லேப்டாப்பைச் செருகினாலும் ஒன்றும் ஆகாது. அந்த 24 வோல்ட் கேபிளில் செருகினால் லேப்டாப்பின் போர்ட் கருகிப்போக வாய்ப்பு உண்டு. அந்த ஒரு கேபிளுக்குச் சிவப்பு கொடுங்கள், வேறு எதற்கும் சிவப்பைப் பயன்படுத்தாதீர்கள். நான்கில் எந்த வழியை நீங்கள் தேர்ந்தெடுத்தாலும் இது மட்டும் மாறக் கூடாது.

இந்த வழியின் செலவு வாங்கும் அன்று தெரியாது. நாலு நிறம், ஒவ்வொன்றிலும் அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், மூன்று மீட்டர் என்றால் பதினாறு வகைப் பேட்ச் கார்டு இருப்பில் இருக்க வேண்டும். இருக்காது. ஏழாவது மாதம் ஒரு கேமரா கேபிள் போகும், கையில் பச்சை இருக்காது, நீலத்தைப் போட்டு "அப்புறம் மாத்திக்கலாம்" என்பார்கள். மாற்ற மாட்டார்கள். இப்படி நாலைந்து சேர்ந்தால் ஏற்பாடே நம்பத் தகாததாகிவிடும். அதனால் மூன்று நிறம், அதோடு 'தொடாதே' என்பதற்குச் சிவப்பு, இதற்கு மேல் போகாதீர்கள். ஊதா, இளஞ்சிவப்பு, வெளிர்பச்சை என்று கேட்டலாக்கில் இருப்பதெல்லாம் ஆயிரம் போர்ட் உள்ள டேட்டா சென்டர்களுக்கு. அங்கே அதைப் பார்த்துக்கொள்ளவே ஆட்கள் இருக்கிறார்கள்.

## வழி 3: தளத்துக்கு அல்லது துறைக்கு ஒரு நிறம்

முதல் மாடி நீலம், இரண்டாம் மாடி பச்சை, கணக்குப் பிரிவு மஞ்சள் என்று பிரிப்பது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் துறைகள் இடம் மாறும், கேபிள் மாறாது. கணக்குப் பிரிவு எதிர் அறைக்குப் போன அன்றே மஞ்சளுக்குப் பொருள் போய்விடும். எந்த அறை என்பதை லேபிள் எண்ணே சொல்லிவிடுவதால், நிறம் அதையே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சூழலில் மட்டும் இது மற்ற எல்லாவற்றையும்விட நல்லது. ஒரே கட்டடத்தில், ஒரே ரேக்கில் இரண்டு தனித்தனி உரிமையாளர்களின் நெட்வொர்க் இருந்தால், கீழே கடை, மேலே வாடகைக்கு விட்ட அலுவலகம் என்று இருந்தால், ஆளுக்கு ஒரு நிறம் கொடுத்துவிடுங்கள். ஒருவருடைய டெக்னீஷியன் அடுத்தவர் கேபிளில் கை வைக்காமல் இருப்பதற்கு இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது.

## வழி 4: சாதாரண கேபிள், முனையில் மட்டும் நிறம்

கேபிள் எல்லாம் சாம்பல். முனையில் நிறப் பூட் (கனெக்டரின் பின்பக்கத்தை மூடும் சின்ன உறை), அல்லது நிற வளையம், அல்லது ஒரு சுற்று இன்சுலேஷன் டேப். இரண்டாம் வழியின் பயனில் பெரும்பகுதி இதில் கிடைக்கும், இருப்புப் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை. ஒரு பெட்டி கேபிள், கூடவே நாலு நிறத்தில் சின்னச் சின்ன வளையப் பொட்டலம், அவ்வளவுதான். கேபிளின் வேலை மாறினால் வளையத்தை மாற்றிவிடலாம், கேபிளைக் கழற்ற வேண்டாம்.

பூட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. கனெக்டரைக் கேபிள் முனையில் அழுத்திப் பொருத்தும் (கிரிம்ப் செய்யும்) முன்பே அதைக் கேபிளில் கோத்துவிட வேண்டும். மறந்தால் கனெக்டரை வெட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பின்னால் நிறம் மாற்றவும் முடியாது. பக்கவாட்டில் திறந்து மாட்டும் கிளிப் வளையம் இந்தத் தொல்லை இல்லாதது. எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் இன்சுலேஷன் டேப்தான் ஆக மலிவு. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எல்லாம் கிடைக்கும். ஆனால் சூடான ரேக்கில் அதன் பசை இளகிப் பிசுபிசுக்கும், டேப் நகர்ந்து தூசி ஒட்டிக்கொள்ளும். ரேக்குக்குள் வேண்டாம், மேசைப் பக்க முனைக்குப் பரவாயில்லை.

குறை என்னவென்றால், கட்டின் நடுவில் நிறம் தெரியாது. மேசைக்கடியில் ஓடும் கேபிளின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு இது என்ன என்று கேட்டால் பதில் முனையில்தான் இருக்கிறது. பத்து இருபது கேபிள் உள்ள இடத்தில் இது பெரிய குறையாக எனக்குத் தோன்றவில்லை.

## பக்கம் பக்கமாகப் பார்த்தால்

| | ஒரே நிறம் + லேபிள் | வேலைக்கு ஒரு நிறம் | தளத்துக்கு ஒரு நிறம் | முனையில் மட்டும் நிறம் |
|---|---|---|---|---|
| புது ஆளுக்குப் புரியுமா | லேபிள் இருக்கும்வரை | உடனே | பட்டியல் இருந்தால் | முனையைப் பார்த்தால் |
| இருப்பு | எளிது | கடினம் | கடினம் | எளிது |
| காலப்போக்கில் பொய்யாகுமா | அரிது | எளிதில் ஆகும் | இடமாற்றம் வந்தால் ஆகும் | திருத்துவது சுலபம் |
| மங்கல் வெளிச்சத்தில் | கடினம் | நல்லது | நல்லது | சுமார் |
| மறைமுகச் செலவு | லேபிள், தேடும் நேரம் | பல நிற இருப்பு | மறு வயரிங் | வளையம், பூட் வேலை |
| எங்கே பொருத்தம் | வீடு, சுவருக்குள் | ரேக் உள்ள அலுவலகம் | இரு உரிமையாளர் கட்டடம் | சிறு அலுவலகம், கடை |

## உள்ளே உள்ள எட்டு நிறங்கள்: ஏ முறையா, பி முறையா

மேலுறை நிறத்தில் நீங்கள் எதைத் தேர்ந்தாலும் நெட் ஓடும். உள்ளே உள்ள எட்டுக் கம்பிகளின் நிறம் அப்படியில்லை, இங்கே நிறம் தவறினால் வேகமே போய்விடும். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு ஆகிய நாலு இணைகளும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைத் துணையும் தொலைபேசிக் கேபிள்களின் பழைய நிற வரிசையிலிருந்து வந்தவை.

இந்த எட்டையும் கனெக்டரில் அடுக்க ஏ, பி என்று இரண்டு முறைகள் உண்டு. கனெக்டரின் பூட்டு நாக்கு கீழே இருக்கும்படி பிடித்து இடமிருந்து பார்த்தால் பி முறை இப்படி: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ஏ முறையில் ஆரஞ்சு இணையும் பச்சை இணையும் இடம் மாறும், மற்றவை அப்படியே. வேகத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. ஏ முறை பழைய இரட்டை லைன் தொலைபேசி வயரிங்கோடு ஒத்துப்போகும், அமெரிக்க வீட்டு வயரிங் தரநிலையும் அதைத்தான் சொன்னது. நம் ஊரில் எலக்ட்ரீஷியன்களும் நெட்வொர்க் ஆட்களும் பழகியிருப்பது பி. புது வேலை என்றால் பி முறையைப் போடுங்கள். பழைய கட்டடத்தில் ஏற்கெனவே ஏ முறையில் போட்டிருந்தால் அதையே தொடருங்கள். சுவர் ஜாக்கின் பக்கவாட்டில் இரண்டு முறையின் நிறமும் அச்சிட்டிருக்கும். ஒரு முனையில் ஒன்று, மறுமுனையில் மற்றொன்று என்று போனால் அது கிராஸ் கேபிள் ஆகிவிடும்.

அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீலம் ஜோடி, பழுப்பு ஜோடி என்று பார்க்க ஒழுங்காக அடுக்கி, இரு முனையிலும் அதே வரிசையில் கிரிம்ப் செய்துவிடுவார்கள். மலிவு டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு வரிசையாக எரியும். ஆனால் 3ஆம், 6ஆம் முனைகள் ஒரே முறுக்குக்குள் இருக்க வேண்டும், இந்த அடுக்கில் அவை வெவ்வேறு முறுக்குகளுக்குப் போய்விடுகின்றன. ஒரு ஜோடியின் சிக்னல் அடுத்ததில் கசியும். கொஞ்ச தூரத்துக்கு ஓடும், தூரம் கூடினால் விட்டுவிட்டு வரும். மலிவுக் கேபிள்களில் வெள்ளைத் துணைகளில் கோடே இல்லாமல் நாலும் சுத்த வெள்ளையாக இருப்பதும் உண்டு. முறுக்கைப் பிரித்த பிறகு எந்த வெள்ளை எதனுடைய துணை என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட கேபிளை வாங்காமல் விடுவதே நல்லது.

300 எம்பி இணைப்பு எடுத்திருக்கிறீர்கள், வேகம் சோதித்தால் 94, 95லேயே நிற்கிறது என்றால் முதலில் இந்தப் பக்கம் பாருங்கள். ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும், 100 எம்பிக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி சரியாக உட்காரவில்லையென்றால் பெரும்பாலும் இணைப்பு அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும்.

## யாருக்கு எது

வீடு கட்டுகிறவர்களுக்கு முதல் வழி. கேட் 6, சுத்தத் தாமிரம், உடனே கிடைக்கும் நிறம் எதுவோ அது. மாடிக்குப் போவது மட்டும் வெளிப்புறக் கறுப்பு. நிற ஆசையை விட்டதில் மிச்சமாகும் பணத்தில் ஒவ்வொரு அறைக்கும் இரண்டாவது கேபிள் ஒன்றை இப்போதே இழுத்துவிடுங்கள், சுவரை மூடிய பிறகு அது முடியாது.

ஐந்தாறு கணினி, நாலு கேமரா உள்ள கடைக்கு நாலாவது வழி. இருபது கணினிக்கு மேல், ரேக், பேட்ச் பேனல் (சுவர்க் கேபிள்கள் வந்து முடியும் பலகை) என்று வந்துவிட்டால், சுவருக்குள் ஒரே நிறமும் லேபிளும், ரேக்குக்குள் பேட்ச் கார்டு மட்டும் வேலைக்கு ஒரு நிறமும் என்று கலந்து போடுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் குறைந்தது இரண்டு மாற்றுக் கார்டுகள் ரேக்குக்குள்ளேயே தொங்கட்டும். குறிப்பிட்ட நிறம் தீர்ந்துபோனால் வேறு பொருளுள்ள நிறத்தைப் போடாமல், பட்டியலிலேயே இல்லாத சாம்பலைப் போட்டு லேபிள் ஒட்டுங்கள். சாம்பலைப் பார்ப்பவர் லேபிளைப் படிப்பார்.

ஏற்கெனவே பல நிறம் கலந்து சிக்கிக் கிடக்கும் ரேக்கை வைத்திருப்பவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கி ஒழுங்குபடுத்தப் போக வேண்டாம். முதலில் வெளி இணைய இணைப்புக் கேபிள், அந்த 24 வோல்ட் கேபிள் இருந்தால் அது, சர்வருக்குப் போவது ஆகிய மூன்றையும் மட்டும் நிறம் மாற்றி லேபிள் ஒட்டுங்கள். எந்த நிறம் எதற்கு என்று ஒரு தாளில் தேதியோடு எழுதி ரேக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். மற்றவற்றை, ஏதாவது ஒரு காரணத்துக்காகக் கழற்ற நேரும்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம்.